புகார்க் கவுன்டரில் என் பேத்தி

ஜனவரி 8

பெரிய பேரன் பாலம் கட்டுகிறான். அடுத்தவன் பல் டாக்டர். மகள் வயிற்றுப் பேத்தி பேங்கில் அதிகாரி. என்னோடு தங்கிப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற கடைக்குட்டி வகுப்பில் இரண்டாவது. முதலாவதாக வந்திருப்பாள், சனி ஞாயிறு மிக்ஸிக் கடைக்குப் போகாமல் இருந்திருந்தால். அங்கே புகார்க் கவுன்டரில் நிற்கிறாள். ஊரான் மிக்ஸி ஓடவில்லை என்றால் திட்டு இவளுக்கு. என்ன தலையெழுத்தோ.

ஜனவரி 9

இந்த வேலை எதற்கு என்று இன்றும் கேட்டேன்.

"பட்டம் எல்லாரும்தான் வாங்குறாங்க பாட்டி. எந்த வேலைக்குப் போனாலும் கூட வர்ற மாதிரி நாலு விஷயம் பழகிக்கணும்."

"திட்டு வாங்கத்தானே? அதுக்கு வீட்லயே இரேன்."

சிரிக்கிறாள். நான் பேசினால் காதில் விழுந்தால்தானே.

பிப்ரவரி 2

போதாக்குறைக்கு விவாத மன்றம் வேறு. தொண்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

மார்ச் 19

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளின் குறை கேட்கிற வேலைக்கு நேர்காணல் போய் வந்திருந்தாள். இன்று அவள் குளிக்கும்போது அங்கிருந்து ஒரு அதிகாரி ஃபோன் செய்தார். நான் எடுத்தேன்.

"உங்க பேத்தி ரெண்டு வருஷமா கடையில வேலை பார்க்குறதா எழுதியிருக்காங்களே, உண்மையாம்மா?"

"அதெல்லாம் எங்க குடும்பத்துல வழக்கமே இல்லீங்க. படிப்பு ஒண்ணுதான்" என்றேன். கௌரவமாகத்தான் சொன்னேன்.

விஷயம் கேட்டதும் ஈரத்தலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அந்தக் கடை வேலையைப் பார்த்துத்தான் பாட்டி என்னைக் கூப்பிட்டாங்க."

எனக்கென்ன தெரியும்? யாராவது சொன்னீங்களா இந்த வீட்டில?

என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். அந்த அதிகாரியைத் திரும்பக் கூப்பிட்டாள். பொய்க்காரி என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. முழுக்கக் கத்தவிட்டாள். பிறகுதான் வாயைத் திறந்தாள். "நீங்க கோபப்படுறது நியாயம்தான் சார். கடை மேனேஜர் நம்பர் தரேன், இப்பவே கேட்டுப் பாருங்க. நான் கவுன்டர்ல நிக்கிறது பாட்டிக்குப் பிடிக்காது, அதான் மறைச்சுட்டாங்க."

அந்தப் பக்கம் குரல் இறங்கியது. "தினம் எத்தனை பேரும்மா இப்படி உங்ககிட்ட கத்துவாங்க?"

"வீட்டையும் சேர்த்தா சார்?"

வீட்டையும் சேர்த்தாமே. ஃபோனை வைக்கட்டும், பேசிக்கொள்கிறேன். அவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

ஜூலை 14

வேலை கிடைத்து வெளியூர் போன பேத்தி, அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்று எடுத்த படம் தபாலில் வந்தது. வாசலில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். இதை எதிர்வீட்டுக்காரியிடம் எப்படிக் காட்டுவது? ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டேன்: "கவுன்டர்ல நீ உட்கார்ந்திருக்கணும், எதிர்ல ஒருத்தன் கத்திக்கிட்டு இருக்கணும். அப்படிப் புதுசா ஒரு படம் எடுத்து அனுப்பு."