பாரிஸ் ஆளுநர் பிடித்த டாக்சிகள்

மார்ச் 12, செவ்வாய்

டாக்சி ஓட்டிய என் மனிசன் செத்து, முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. மகள் அபி நேற்றுவரை அழவில்லை. அப்பா என்ற சொல்லையே எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இன்று பின்னேரம் நாளைய வரலாற்றுப் பரீட்சைக்காக என் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். பாரிஸ் நகரத்துக்கு அரசர் காலத்திலிருந்தே இராணுவ ஆளுநர் உண்டாம். முதலாம் உலகப் போரில் எதிரி கிட்ட வந்தபோது, அப்போதிருந்தவர் ஊர் டாக்சிகளைப் பிடித்துச் சிப்பாய்களை ஏற்றி அனுப்பினாராம்.

"டாக்சிக்காரர் பேசாமல் ஏத்தினவையோ?" என்று கேட்டேன்.

"அப்பாவெண்டால் விட்டிருப்பாரோ? சண்டை பிறகு, முதல் பெல்ட்டைப் போடுங்கோ எண்டிருப்பார்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு என் மடியில் விழுந்து அழுதாள், நன்றாக அழுதாள். இப்போது நித்திரை கொள்கிறாள்.

அந்த ஆளுநரின் பெயர் என் வாயில் நுழையவில்லை. யாராயிருந்தாலும் அவருக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்.