பதினோரு கப் தேத்தண்ணி

மார்ச் 12, புதன்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. ஸ்வெட்டரை ஈரத்தோடு மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

நாளை சீனாவுக்கு, குவாங்சோ. தனியாக. ஐம்பத்து மூன்று வயதில் முதல் விமானம். மகள் தேவிக்கு அங்கே வேலை. அங்கேயே ஒரு சீனப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டில் எங்களை அழைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் வரவில்லை. இவர் மகளோடு பேசி இரண்டு வருடம்.

"நீ போறதுன்னா போ. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாத" என்று சொல்லிவிட்டுத் தேயிலை ஃபேக்டரிக்குக் கிளம்பிவிட்டார். மழைச் சேற்றில் சிக்கிய லோரியைக்கூடத் தள்ளிவிடலாம், இவரை முடியாது.

பக்கத்து ஊர் கியா பார்மில் காய்கறிக் கடை வைத்திருக்கும் என் சீனத் தோழி சியூ லான் அக்கா கடையை விட்டுவிட்டு வந்தார். போனில் காசு கட்டும் செயலியில் என் பேங்க் கார்டைச் சேர்த்துக் கொடுத்தார். "இங்கயே செஞ்சிட்டுப் போலாம்லா, அங்க போய் முழிக்காத." மாட்டிறைச்சி வேண்டாம் என்று சீனத்தில் ஒரு அட்டையும் எழுதினார். கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு செய்ய மாட்டாள்.

மார்ச் 14, வெள்ளி. குவாங்சோ

மழை இல்லை. ஆனாலும் ஹோட்டல் சுவரெல்லாம் வியர்க்கிறது. ஸ்வெட்டர் இன்னும் ஈரம்.

தேவிக்குப் பகலில் லீவு இல்லை. தனியாகவே சுற்றினேன். எஸ்டேட்டிலிருந்து வேறு யாராவது போனால் உதவும்:

- ஹோட்டல் பெயர், விலாசம் சீனத்தில் படம் எடுத்து வை. வாயால் சொன்னால் யாருக்கும் புரியாது.
- பாஸ்போர்ட் எப்போதும் கையில்.
- டிஷ்யூ எடுத்துப் போ. பல டாய்லெட்டில் இல்லை.
- சுடுதண்ணீர் எங்கும் சும்மா கிடைக்கும். ஃப்ளாஸ்க் போதும்.
- ஒவ்வொரு ரயில் ஸ்டேஷனிலும் பையை மிஷினில் போட வேண்டும். என் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பெண் முறைத்தாள். நெற்றியில் பூசிக் காட்டினேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். நல்லா இருக்கட்டும்.
- ஸ்டேஷனில் எந்த வாசல் நம்பர் என்று பார்த்து வெளியே வா. நான் பார்க்காமல் வழி தவறினேன். ரோடு கூட்டிக்கொண்டிருந்த அம்மா, படத்தைப் பார்த்துவிட்டு துடைப்பத்தைச் சாத்தி வைத்து, ஹோட்டல் வாசல் வரை கூடவே நடந்து வந்தார். அவர் பேர்கூடத் தெரியாது. அறைக்கு வந்து அழுதேன்.

மார்ச் 16, ஞாயிறு

பையன் வீடு, பதினெட்டாவது மாடி. காது அடைத்தது. எங்கள் எஸ்டேட் தேயிலைத் தூள் இரண்டு பாக்கெட் கொடுத்தேன்.

தேவியும் பையனும் சமையலறையில். நானும் அவன் அம்மாவும் மேசையில். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. விரல் நீளக் கப்பில் தேத்தண்ணி ஊற்றினார். குடித்தேன். ஊற்றினார். குடித்தேன். முப்பது வருடம் கொழுந்து கிள்ளியவள். கப்பில் மிச்சம் வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை, இவர் அடித்தூளைக்கூட விடமாட்டார். பதினோரு கப். வயிறு குளமாகிவிட்டது.

தேவி வந்து பார்த்துச் சிரித்தாள். "அம்மா, கப்பைக் காலி பண்ணா இன்னும் வேணும்னு அர்த்தம். போதும்னா அப்படியே வெச்சிருங்க." அந்த அம்மாவும் விஷயம் தெரிந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் விரல்களில் இருந்த கொழுந்துக் கறையைத் தடவிப் பார்த்தார். கையை விடவே இல்லை.

மேசையில் ஒரு கப் கூடுதலாக, கவிழ்த்தபடி. யாருக்கு என்று கேட்டேன். தேவி கீழே பார்த்துக்கொண்டு, "அப்பாவுக்கு" என்றாள். அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று தேவியை வைத்து அந்த அம்மாவிடம் பொய் சொன்னேன். கடைசி வரை அந்தக் கப்பை யாரும் மேசையிலிருந்து எடுக்கவில்லை.

மார்ச் 19, புதன். வீடு

பனி. முதுகு வலி. சியூ லான் அக்காவுக்குப் பிஸ்கட் டின், நெற்றியில் முத்தம். எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அக்காவிடம் எல்லாம் சொன்னேன். பதினோரு கப், கவிழ்த்த கப், எல்லாம். இவர் ஹாலில் பேப்பரோடு. பக்கம் திருப்பும் சத்தமே கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

வெயில். ஸ்வெட்டர் ஒருவழியாகக் காய்ந்தது.

ஷிஃப்டுக்குப் போகும் முன் இவருக்குத் தேத்தண்ணி. பாதி குடித்துவிட்டு மேசையில் வைத்தார். சர்க்கரை போதவில்லையோ என்று கேட்டேன். கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ வெச்சா போதுமா? மறுபடி ஊத்த மாட்டாங்கல்ல?"