கால் ஒட்டிய நேரங்கள்

மார்ச் 3, திங்கள்

இன்றும் இவர் டாக்டர் முன்னால் புது மாப்பிள்ளை மாதிரி நடந்து காட்டிவிட்டார். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, திரும்பி, மறுபடியும். "நல்லாத்தானே நடக்கிறார்?" என்கிறார் டாக்டர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் கால் தரையில் ஒட்டிக்கொண்டு நிற்பது இதே என் வீட்டுக்காரர்தானே? போன மாதம் குளியலறை வாசலில் விழுந்து நெற்றியில் மூன்று தையல். "பார்கின்சன் நோய் ஆள் பார்த்தா வருது டாக்டர்?" என்று கேட்டே விட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு வாரம் காலில் சென்சார் கட்டிப் பார்த்துவிடலாம் என்றார்.

மார்ச் 10, திங்கள்

காலையில் நான் டியூட்டிக்குக் கிளம்புமுன் சென்சார் கட்டியாயிற்று: கணுக்காலுக்கு ஒன்று வீதம் இரண்டு, இடுப்பில் ஒன்று. தீப்பெட்டி அளவுதான். ஒவ்வோர் அடியையும், கால் ஒட்டி நிற்பதையும், மணி நிமிடத்தோடு பதிந்துகொள்ளுமாம். மின்சார மீட்டர் கணக்கெடுத்தே ஓய்வு பெற்றவர் இவர். "ஊர் பூரா மீட்டர் படிச்சேன். இப்ப எனக்கே மீட்டர்" என்றார். குசும்புக்கு மட்டும் ஒரு நோயும் வரவில்லை.

மார்ச் 13, வியாழன்

இன்றிலிருந்து எனக்கு மதிய ஷிப்ட். கிளம்புகிற நேரம் பார்த்துச் சமையலறை வாசலில் மரம் மாதிரி நிற்கிறார். "வாங்க, வாங்க, எனக்கு நேரமாகுது!" — நாலு தடவை கத்தியிருப்பேன். வேண்டுமென்றே செய்கிறாரோ? பஸ் டிப்போவில் நான் நேரக் காப்பாளர். வண்டி இரண்டு நிமிடம் பிந்தினாலும் டிரைவரை ஒரு பிடி பிடிக்கிறவள். இவரிடம் மட்டும் என் பாச்சா பலிப்பதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

விடுமுறை. நாள் முழுக்க விரட்டி விரட்டித் தொண்டை கட்டிவிட்டது.

மார்ச் 19, புதன்

இன்று கால் ஒட்டிக்கொண்டது. அவருக்கு இல்லை, எனக்கு.

பிசியோதெரபி செய்யும் பெண் ஏழு நாள் வரைபடத்தைத் திரையில் காட்டினாள். கால் ஒட்டிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சிவப்புக் கோடு. மொத்தம் முப்பத்து நான்கு. "நான் சொன்னப்ப யாரும் நம்பலையே" என்று ஆரம்பித்தேன். அப்புறம்தான் மணியைப் பார்த்தேன்.

திங்கள், செவ்வாய், புதன் — மதியம் மூன்று மணி வரை ஒன்றுமில்லை, அதற்குப் பிறகு சிவப்பு. வியாழன், வெள்ளி, சனி — காலையெல்லாம் சிவப்பு, ஒரு மணிக்குப் பிறகு சுத்தம். ஞாயிறு, விடிந்ததிலிருந்து படுக்கிற வரை.

"வியாழக்கிழமை மாத்திரை நேரத்தை மாத்தினீங்களா?" என்று கேட்டாள்.

மாத்திரை மாறவில்லை. ஷிப்ட் மாறியது. அது என் டியூட்டி அட்டவணை, எனக்கு மனப்பாடம். நான் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் மனிதர் நடந்திருக்கிறார்! படி ஏறியதும் பதிந்திருக்கிறது, மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்திருக்கிறார்!

நானா? நானா காரணம்?

அவளிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: "இந்த நோயில அவசரப்படுத்தினா கால் ஒட்டிக்கும். இது தெரியாம எல்லாரும் செய்யறதுதான். உங்க மேல தப்பில்லைம்மா."

தப்பில்லையாம். அப்போ அந்த மூணு தையல்? ஃபோன் அடிக்குது, சீக்கிரம் வாங்கன்னு அன்னிக்குக் கத்தினது யாரு? விழுந்து கெடந்தவரைப் பார்த்து "பாத்து வரக் கூடாதா"ன்னு வேற கேட்டேனே. பாவி. பாவி.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ வாயை மூடிக்குவே. அப்புறம் வீட்ல யாரு பேசுறது?"

மார்ச் 20, வியாழன்

பேசவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நாலு நாளாக வாயைத் திறக்கவே பயம். தட்டை வைக்கிறேன், நகர்ந்துவிடுகிறேன். கால் ஒட்டுவது குறைந்திருக்கிறது, ஆனால் மனிதர் பாதிதான் சாப்பிடுகிறார். "நாலு தடவை ஒட்டினாலும் தேவலை. இது யார் வீடுன்னே தெரியலை" என்றார். அழுதுவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்தேன். "தாராளமா பேசுங்கம்மா, விரட்டாதீங்க. அவர் நின்னா நீங்களும் நின்னுடுங்க, அவ்வளவுதான்" என்றாள். நிற்பதா? பிறந்ததிலிருந்து நான் செய்யாத வேலை அது.

ஏப்ரல் 6, ஞாயிறு

மருந்துக் கடைக்கு நடந்தே போனோம். எப்போதும் நாலடி முன்னால் போய்த் திரும்பி முறைப்பேன். இன்று பக்கத்தில் நடந்தேன். தெருவைக் கடக்கும்போது நட்டநடுவில் அவருக்குக் கால் ஒட்டிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு நானும் நின்றேன். ஒரு கார்க்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எத்தனை நேரம்தான் பொறுப்பது? திரும்பினேன்.

"அவ்வளவு அவசரம்னா நேத்தே கிளம்பியிருக்கணும்!"

ஹாரன் நின்றது. இவர் என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், தோள் குலுங்க. சிரித்துக்கொண்டே இடது காலைத் தூக்கி வைத்தார், அடுத்து வலது. பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. நிற்கட்டும் என்று நான் அவர் கூடவே மெதுவாக நடந்தேன்.