ப்ரீஆம்ப் பட்ட நெற்றி

அண்ணா,

தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நம் ஸ்டீரியோவில் என் பெட்டிக்குப் பதிலாக வைக்க நீ கொண்டுவந்த, கரன்டில் ஓடி ஒலியைப் பெருக்கும் ஆக்டிவ் ப்ரீஆம்பை வீசியடித்தாயே, அது என் நெற்றியைப் பிளந்துவிட்டது.

"கரன்ட் இல்லாத உன் டப்பாவுல பாட்டு செத்துப்போகும்டா!" என்று கத்தினாய். பாதி உண்மை. நீ கதவை அறைந்துவிட்டுப் போனதும், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சோதித்தேன். நீள வயரில், கரன்ட் இல்லாமல் ஓடும் என் பாஸிவ் பெட்டி மங்கித்தான் பாடியது. வயரை அரை மீட்டராக வெட்டியதும் கணீரென்று கேட்டது. வயரை அளக்காமல் அடித்துக்கொண்டோம்.

சாப்பாடு மேசைமேல்.

பி.கு.: சண்டையில், ஈயம் உருக்கும் சூடான சால்டரிங் அயர்ன் உன் வலது கையில் தெரியாமல் பட்டுவிட்டதென்று அண்ணியிடம் போனில் சொன்னேன். பொய். வேண்டுமென்றேதான் வைத்தேன். தட்டில் ஸ்பூன் இருக்கிறது, இடது கையால் சாப்பிடு.