டின்னுக்குள் போன விரல்

14-8-57, புதன்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு மழை. கடையில் ஒழுகும் இடத்தில் வாளி. படிகாரக் கல் தேய்ந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும். முடிவெட்டும் மெஷினுக்கு எண்ணெய். மனைவி செல்லம் கேட்ட ஊசி நூல் மறந்து போனது, வீட்டுக்கு வந்து ஏச்சு.

இடது கை விரலிடுக்கில் இருந்த படை போய்விட்டது. மணிக்கட்டில் மட்டும் வெளிறிய வளையம் ஒன்று. எல்லாம் ஜாலான் பெண்டஹாரா தெருக் கடையில் வாங்கிய டின் களிம்பு செய்த வேலை. ஆறே நாள். எரிச்சலில் உயிர் போயிற்று. "எரிஞ்சாத்தாங்க மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள் செல்லம். அரிப்பு நின்றதும் நானும் நிறுத்திவிட்டேன்.

மிச்சக் களிம்பை வீணாக்குவானேன்? டின் இப்போது கடையில், பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில். பிடரியில் வளையம் உள்ளவர் வந்தால், சவரம் முடிந்ததும் விரலால் ஒரு தொடு, ஒரு தேய். இலவசம். இந்த வாரம் தேய்த்தது: தமிழாசிரியர், தபால்காரர், கிளேபாங் மீன்காரர், பக்கத்துத் தெரு மலாக்கா செட்டிக்காரர். செட்டிக்காரர் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர், தமிழ் வராது, மலாய்தான். "பானாஸ், பானாஸ்லா!" என்று நாற்காலியிலேயே துள்ளினார். சுடுகிறதாம். சிரித்துவிட்டேன்.

எங்கள் காஜா பேராங் வட்டாரம் முழுக்கப் படை. ஈரம்தான் காரணம். மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர நாளுக்கு, இன்னும் இரண்டு வாரம்தான், எல்லோருக்கும் முடி வெட்டியாக வேண்டும். கை ஓயவில்லை. முடிவெட்டுகிறவன் வைத்தியமும் பார்க்கிறான் என்று நாலு பேர் சொல்வது கேட்கக் கொஞ்சம் பெருமை.

16-8, வெள்ளி

வெயில். மாரியம்மன் கோயிலில் மொட்டை. லாரி ஓட்டும் முனியாண்டியின் பெண் குழந்தைக்கு முதல் முடி. வள்ளி, பத்து மாதம். முனியாண்டி மடியில் வைத்துக்கொண்டான். கத்தியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். இவனா மலை ரோட்டில் லாரி ஓட்டுகிறான்! அவன் மனைவி பாக்கியம் முதுகைக் காட்டி உட்கார்ந்து சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கீறல் இல்லாமல் இறக்கினேன். உச்சியில் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிப்பொரி. வேர்க்குருவோ, படையோ? படை என்றே முடிவு செய்தேன். டின் சட்டைப் பையில் இருந்தது. குழந்தையாயிற்றே, சீக்கிரம் ஆறட்டும் என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே தேய்த்து, அதன்மேல் சந்தனம் பூசிவிட்டேன். வீறிட்டு அழுதது. "மொட்டை போட்டா எல்லாப் பிள்ளையும் அழும்" என்றேன்.

சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். நெய் குறைவு.

18-8, ஞாயிறு

கடை திறக்குமுன் முனியாண்டி. சட்டை பொத்தான் மாறிப் போட்டிருந்தான். "அண்ணே, பாப்பா தலைய வந்து பாருங்கண்ணே."

போனேன். ஐயோ.

உச்சித் தோல் வெந்துபோயிருக்கிறது. உரிந்து நீர் கசிகிறது. குழந்தைக்கு அழக்கூடத் தொண்டை இல்லை, காற்றுதான் வருகிறது. தலை முழுக்க இல்லை. என் விரல் போன இடம் மட்டும். எவ்வளவு தூரம் தேய்த்தேனோ அவ்வளவு தூரம்.

கதவைப் பிடித்துக்கொண்டேன். பாக்கியம் அதைப் பார்த்து, "நீங்க ஏன்ணே கலங்குறீங்க, உங்க மேல என்ன தப்பு? முடிய போன மாசமே எறக்கியிருக்கணும். இவருக்கு லீவு கெடைக்கலன்னு தள்ளிப் போட்டோம். ஆத்தாளுக்குக் கோவம்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள் என்று மட்டும் சொன்னேன். டின்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வேறு என்ன காரணமாக இருக்கலாம்? சந்தனத்தில் ஏதாவது. கத்தியில் துரு. வெயில். எழுதிப் பார்க்கிறேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை.

19-8, திங்கள்

டிரெஸ்ஸர் சாமுவேல் ஐயா முடி வெட்ட வந்தார். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். பிடரியில் கத்தி வைத்திருக்கும்போது தானாகவே ஆரம்பித்தார். "நேத்து ஒரு கொழந்தை வந்துச்சுய்யா. செரைச்ச தலையில எவனோ படை மருந்தத் தேச்சிருக்கான். பெத்தவங்கள கேட்டா சந்தனம் மட்டுந்தாங்கிறாங்க. எந்த மடையன்னு தெரியல."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். டின்னை எடுத்துக் காட்டினேன்.

கழுத்தில் துணியோடு எழுந்து நின்றார். "இதையா? தோலை உரிக்கிற ஆசிட் இருக்குய்யா இதுல! படை புடிச்ச தடிச்ச தோல உரிச்சு எடுக்கத்தான் இது. பச்சப்புள்ள தலையில, அதுவும் அப்பத்தான் செரைச்ச தலையிலயா?"

பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். "கைய நீட்டு. ஒனக்கும் இருக்கு. இந்த விரலத்தான் டின்னுக்குள்ள விட்டியா? இதே விரலத்தான் எல்லாருக்கும் தேச்சியா? ஒரே துண்டா?"

ஆமாம், ஆமாம், ஆமாம்.

"அப்ப மருந்தா குடுத்த? நோயையில்ல குடுத்திருக்க."

பதினொரு பேர். எண்ணிப் பார்த்தேன். அதில் நான்கு பேர் கழுத்தில் போன மாதம் ஒன்றுமே இல்லை, என் துண்டும் விரலும் பட்ட பிறகுதான் வளையம். என் கண்ணாலேயே பார்த்த கழுத்துகள். ஊரில் ஈரம் என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள், மகா வைத்தியன்!

குழந்தை பிழைக்குமா என்று கேட்டேன். பிழைக்கும், தோல் வந்துவிடும், அந்த மருந்து இனி ஒரு துளி படக்கூடாது என்றார்.

எனக்கு மறந்துவிடும் என்பதால் அவர் சொன்னதை அப்போதே குறித்துக்கொண்டேன். கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் களிம்பு. மெல்லிசாக. வளையத்துக்கு வெளியே ஒரு விரலகலம் சேர்த்து. இரண்டு வேளை. அரிப்பு நின்றாலும், வளையமே மறைந்தாலும் இன்னும் இரண்டு மூன்று வாரம் (நான் ஆறாம் நாள் விட்ட புத்திசாலி). பூசிய பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வெட்டுக்காயம், சிரைத்த இடம், முகம், தொடையிடுக்கு ஆகாது. கைக்குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் எதுவும் ஆகாது. தலையில் படை வந்தால் களிம்பை நம்பாமல் டாக்டரிடம் போக வேண்டும். ஆளுக்கு ஒரு டின், ஆளுக்கு ஒரு துண்டு. சுள்ளென்று எரிந்தால் உடனே கழுவிவிட வேண்டும். எரிச்சல் மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் இல்லை.

"பெத்தவங்ககிட்ட நீயே சொல்லிடு" என்று எழுந்து போனார். பாதி முடிதான் வெட்டியிருந்தது.

20-8, செவ்வாய்

கடை பூட்டு. துண்டு பதினான்கு, மேல்துணி மூன்று, எல்லாம் அண்டாவில் கொதிக்கிறது. பிரஷை எரித்தேன். கத்தி, மெஷின் பல், ஸ்பிரிட்டில். டின்னைக் குழி தோண்டிப் புதைத்தேன். செல்லத்துக்கு விஷயம் தெரிந்ததும் அடுப்புப் பக்கமே உட்கார்ந்துவிட்டாள். "நானுந்தானே எரிஞ்சா நல்லதுன்னு சொன்னேன்." நல்லவேளை, அவள் மேல் வளையம் இல்லை.

வீடு வீடாகப் போனேன். தமிழாசிரியர் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினார். மீன்காரர் சிரித்தார், அது அதைவிட மோசம். செட்டிக்காரரிடம் எனக்குத் தெரிந்த மலாயில் மன்னிப்புக் கேட்டேன். தோளில் தட்டினார்.

முனியாண்டி வீட்டு முனை வரை போய்த் திரும்பினேன். மழை என்று.

மழை இல்லை.

22-8, வியாழன்

மேகமூட்டம். கடை திறந்தேன், ஆளில்லை. பதினொரு மணிக்கு முனியாண்டி வந்தான், சிரித்த முகம். பாப்பாவுக்கு நீர் கசிவது நின்றுவிட்டதாம், பால் குடிக்கிறதாம். நாற்காலியில் சாய்ந்துவிட்டேன், அவ்வளவு நிம்மதி.

"நாளைக்குக் கோயிலுக்கு வந்துருங்கண்ணே. பாக்கியம் மொட்டை போடுறா."

எனக்கு விளங்கவில்லை.

"பாப்பா தலை ஆறுனா தன் முடியத் தர்றேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டா. ஆறுதுல்ல? வேற யாரும் வேணாம், உங்க கையாலேயே எடுக்கணுமாம்."

பாக்கியத்தின் கூந்தல் முழங்காலைத் தொடும். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கண் வைக்கும் கூந்தல்.

சரி என்றேன். என் வாய்தான் சொன்னது. சரி என்று!

23-8, வெள்ளி

வெயில். குளித்துவிட்டு ஈரத் தலையோடு மணைமேல் உட்கார்ந்திருந்தாள். கூந்தல் தரையில் கிடந்தது. முனியாண்டி குழந்தையோடு ஓரமாக நின்றான். குழந்தை தலையில் வெள்ளைத் துணி.

கத்தியை விரித்தேன். தண்ணீர் தொட்டு உச்சியில் வைத்தேன். சூடான தலை. மடக்கிவிட்டேன்.

"ஆத்தா கோவமில்ல தங்கச்சி. நாந்தான்."

டின், விரல், சந்தனத்துக்கு அடியில் பூசியது, எல்லாம் சொன்னேன். முனியாண்டி குழந்தையைக் கீழே விடப் பார்த்தான், என்மேல் பாய. பாக்கியம் கையைக் காட்டித் தடுத்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கெழமையே."

"நேத்து இவரு வந்து கூப்புட்டப்பவும் தெரியும்?"

"தெரியும்."

கூந்தலைப் பிழிந்து முடிந்துகொண்டாள். எழுந்து குழந்தையை வாங்கினாள்.

"அஞ்சு நாளா நான் சோறு திங்கல. எம்புள்ளைக்கு இப்படி ஆக நான் என்னா பாவம் செஞ்சேன்னு ஒவ்வொண்ணா தேடிக்கிட்டு இருந்தேண்ணே."