ஏழாம் பக்கத்துக்கு அடுத்த பக்கம்

கல்முனைக்குடி,
1997 செப்டம்பர்.

அன்பு மகன் முர்ஷித்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் உம்மாவும் தங்கச்சி றாஹிலாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். லண்டனில் குளிர் தொடங்கப் போகிறதே, தடித்த உடுப்பு வாங்கினாயா என்று உம்மா கேட்கச் சொன்னா. புடவைக்கடைக்காரன் மகன் குளிரில் நடுங்கினான் என்று ஊர் சிரிக்கக் கூடாதாம்.

நீ அனுப்பிய கடதாசிக் கட்டு வந்து சேர்ந்தது. வழியில் யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். கம்பியூட்டரில் தெரிய வேண்டிய பக்கங்களை அச்சடித்து, தபாலில் அனுப்பி, பெத்த வாப்பாவை வைத்துச் சோதனை நடத்த உன்னால்தான் முடியும். உங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் பாடம் தெரிவு செய்யவும் ஆலோசகரோடு தொடர்பு கொள்ளவும் நீங்கள் செய்கிற வெப் பக்கங்கள், கம்பியூட்டரைத் தொட்டே பார்க்காத ஒரு பிள்ளைக்கு விளங்குமா என்று அறிய வேண்டும் என்று எழுதியிருந்தாய். நம் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள்தானே.

உனக்கு அது சோதனை. எனக்கு வேறொரு எண்ணம் இருந்தது. இப்போது பக்கத்திலேயே பல்கலைக்கழகம் வந்துவிட்டது. பாதியில் படிப்பை விட்டவர்களும் அடுத்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். றாஹிலாவிடம் சொன்னால், 'எனக்குப் படிப்பு வாணா வாப்பா' என்று எழுந்து போய்விடுகிறாள். உன் காக்கா, என் மூத்த மகன் அபூசாலி, முன்பு அவளைத் தூரத்துக் கெம்பஸில் விடக் கூட்டிப்போனபோது பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டது உனக்குத் தெரியும். அடக்குவதற்கு ஜனாஸாகூட நமக்குக் கிடைக்கவில்லை. அதற்கு மேல் அவள் எதுவும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அன்றிலிருந்து ஒரு புத்தகத்தைக்கூட அவள் தொடவில்லை. உன் பக்கங்களைப் பார்த்தாவது ஆசை வராதா என்று நினைத்தேன்.

லுஹர் தொழுதுவிட்டு வந்து மேசையில் பக்கங்களை அடுக்கினேன். அவள் விரலால் தொடுகிற இடத்தைப் பார்த்து அடுத்த பக்கத்தை வைக்க வேண்டும், மனதில் வருவதையெல்லாம் அவள் சத்தமாகச் சொல்ல வேண்டும், நான் உதவக் கூடாது, வாயே திறக்கக் கூடாது. இதுதானே உன் சட்டம்? வாசலில் ஒருவர் கால் வைத்தாலே பத்துப் புடவையை விரித்துப் போடுகிறவனிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுக்கலாமா? கல்யாணம் முடித்த நாளிலிருந்து இவர் இன்றைக்குத்தான் வாயை மூடியிருக்கிறார் என்று உம்மா குசினிக்குள் அடுப்படியில் இருந்து சிரித்தா.

முதல் பக்கங்களை மளமளவென்று முடித்தாள். மூன்றாம் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இருக்கும் பொத்தானை அமத்தலாமா கூடாதா என்று தெரியவில்லை என்றாள். குறித்துக்கொள். ஆலோசகர்களின் பெயர்களைப் பார்த்து, 'இதுல ஆரு ஆம்புள, ஆரு பொம்புள எண்டு போடல்லியே, நான் எப்படித் தனியப் போய்க் கதைக்கிற?' என்றாள். அதையும் குறித்துக்கொள். உங்கள் புரொபெசர்மாருக்கு அது தோன்றியிருக்காது. விலங்கியல் பாடத்தில் விரலை வைத்தபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் நான் மனதுக்குள் அவளைப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிவிட்டேன்.

பிறகு ஏழாம் பக்கத்தை வைத்தேன். நீண்ட நாள் வகுப்புக்கு வராத மாணவர் ஆலோசகருக்குக் காரணம் தெரிவிக்கும் பக்கம். நோய், பணக் கஷ்டம், குடும்ப விஷயம், வேறு என்று நான்கு கட்டங்கள். அவள் விரல் குடும்ப விஷயத்துக்குப் போய்த் திரும்பியது. மனதில் வருவதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, சொல்லத் தொடங்கினாள்.

துவக்கை நீட்டி பஸ்ஸை மறித்தவர்கள், கூட வந்தது யார் என்று அபூசாலியிடம் கேட்டார்களாம். 'ஆருமில்ல, நான் தனியத்தான் வந்த' என்று அவன் சொன்னானாம். அடுத்ததாக, முன் சீற்றில் உட்கார்ந்திருந்த இவளிடம், அவனைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். 'அவர ஆரெண்டு எனக்குத் தெரியா எண்டு சொன்னன் வாப்பா. எறங்கக்குள்ள காக்கா என்னப் பாக்கவே இல்ல' என்றாள். பிறகு, 'இதுக்கு எந்தக் கட்டத்த அமத்துற?' என்று கேட்டாள்.

உன் சட்டத்துக்காக நான் பேசாமல் இருக்கவில்லை மகன். உம்மா குசினியை விட்டு வந்து கதவடியில் நின்றா.

அவள் 'வேறு' என்பதைத் தொட்டாள். அதற்கு நீங்கள் ஒரு வரி இடம்தான் விட்டிருக்கிறீர்கள். அது போதாது என்று உன் மேலதிகாரிகளிடம் சொல். அந்த வரியை அவள் வெறுமையாகவே விட்டு, 'அனுப்பு' என்ற பொத்தானில் விரலை வைத்தாள். விரலை எடுக்கவில்லை. 'அடுத்த பக்கத்த வைங்க வாப்பா' என்றாள். கடதாசிக் கட்டுக்குள் தேடினேன், ஏழோடு முடிந்திருந்தது. 'ஆலோசகர் என்ன சொல்லுவார் எண்டு ஒரு பக்கம் இல்லையா?' என்று கேட்டாள். இல்லை என்றேன்.

'நீ அப்படிச் சொல்லியிராவிட்டால் நீங்கள் இரண்டு பேருமே எனக்கு இல்லாமல் போயிருப்பீர்கள்' என்று அவளிடம் பிறகு எவ்வளவோ சொன்னேன். 'பெத்தவங்க அப்படித்தான் சொல்லுவீங்க' என்கிறாள். நான் வாங்கி வைத்த விண்ணப்பம் அலுமாரியில் அப்படியே இருக்கிறது. நிரப்பவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. அடுத்த பக்கத்தைச் சின்னக் காக்கா லண்டனிலிருந்து எப்போது அனுப்புவார் என்றுதான் கேட்கிறாள்.

ஒரே பாயில் அபூசாலியோடு படுத்து வளர்ந்தவன் நீ. அவன் இருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பான் என்று உனக்குத்தான் தெரியும். அந்தச் சொல்லை உன் நாவில் அல்லாஹ் தரட்டும். விண்ணப்ப நாள் முடியுமுன் எட்டாம் பக்கத்தை உன் கையெழுத்தில் கெதியாக எழுதி அனுப்பு. 'உங்கள் தகவல் கிடைத்தது, நன்றி' என்று மட்டும் போட்டு அனுப்பிவிடாதே மகன்.

உனக்காகத் துஆ கேட்கும்,
வாப்பா
அப்துல் ஸமட்