நிவாரண அரிசியும் அழாத பிள்ளையும்

மே 9, புதன்

வெயில். கச்சான் காற்று இன்னும் தொடங்கவில்லை. வாவிப் பக்கமும் புழுக்கம்தான்.

பள்ளிக்கூடம் இன்னும் அகதி முகாம். என்னுடைய மனையியல் அறையில் வெல்லாவெளிப் பக்கமிருந்து சண்டைக்கு ஓடிவந்த குடும்பங்கள். தையல் மெசின் மேல் யாரோ சேலை காயப் போட்டிருக்கிறார்கள். படிப்பிக்க வகுப்பு இல்லை, சம்பளம் வருகிறது. ஆகவே டொக்டர் அம்மா சொன்ன வேலை.

வேலை இதுதான். முகாம் தாய்மாருக்குக் கால் விறைக்கிறது, வீங்குகிறது. விற்றமின் பி1 குறைவு என்று டொ. சந்தேகப்படுகிறா. வெறும் சந்தேகத்துக்கு மேலிடம் மாத்திரையும் தராது, அரிசியையும் மாற்றாது. இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும். அதற்குக் காசு சேர்க்க வேண்டும். தாய்மாருக்கு விளங்கப்படுத்தவும் வேண்டும். இரண்டும் என் தலையில்.

வாங்க: பிறிஸ்டல் போட், சிவப்பு மாக்கர், மண்ணெண்ணெய், சவர்க்காரம்.

பின்னேரம் வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் செல் வெடிக்கிற சத்தம். எல்லாரும் எழும்பி நின்றார்கள். நான் தாய்மாருக்குக் காட்டுகிற படத்துக்காக பிறிஸ்டல் போட்டில் கோடு கீறிக்கொண்டிருந்தேன். கோடு நேராகவே வந்தது. கடல் வந்து மகளைக் கொண்டுபோன பிறகு ஒன்றும் என்னை அசைப்பதில்லை.

மே 10, வியாழன்

காலையில் குழாயடியில் நின்று பார்த்தேன். நிவாரண அரிசி, நன்றாகத் தீட்டின வெள்ளைப் பச்சையரிசி. ஸ்டோர் மருந்து மணம். அதற்காகக் கழுவோ கழுவென்று கழுவுகிறார்கள். ஊறப்போட்டு, பிறகும் கழுவி, கடைசியில் கஞ்சியையும் வடித்து ஊற்றுகிறார்கள். இருக்கிற கொஞ்ச விற்றமினும் கழிவுக் கானுக்குள். ஊரில் சிவப்புப் புழுங்கலரிசி தின்ற சனம். துப்புரவில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பிறகு தாய்மார் கூட்டம். வந்தார்கள், என் படத்தைப் பார்த்தார்கள், சிரித்தார்கள்.

"கழுவாம எப்படி மிஸ் தின்னுற? பூச்சி மருந்தெல்லோ மணக்குது."

"ஒருக்காக் கழுவுங்க. கஞ்சிய ஊத்தாம குடிங்க. பருப்பும் தின்னுங்க."

"புள்ளப்பெத்தவ பருப்புத் தின்னலாமா? புள்ளைக்கு வாய்வு வந்திரும்."

மீன் என்றால் கிரந்தி. கீரை என்றால் குளிர். மிஞ்சுவது சோறும் மிளகுதண்ணியும். மாற்றுடுப்பு எடுக்க நேரமில்லாமல் ஓடிவந்த சனம், பத்தியத்தை மட்டும் மறக்காமல் கொண்டுவந்திருக்கிறது.

கடைசியில் இருந்தவள் பெயர் சிவமலர். மடியில் கைப்பிள்ளை, ஆண். பக்கத்துப் பெண் ஒருத்தி புகழ்ந்தாள்.

"இவள்ட புள்ளையப் பாருங்க மிஸ். வந்த புதிசில கத்துவான். ஆமி வந்திருமெண்டு எங்களுக்கு உசிர் போகும். இப்ப அழுறதே இல்ல. சத்தம் போடப்படாதெண்டு புள்ளைக்கே விளங்கிப்போச்சு."

மற்றவர்களும் ஓம் என்றார்கள். சிவமலருக்குப் பெருமை.

கிட்டப் போய்ப் பார்த்தேன். வாய் நன்றாகத் திறந்திருக்கிறது. முகம் சுருங்கியிருக்கிறது. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. தொண்டையில் சின்ன இரைச்சல், அவ்வளவுதான். தாயின் உடம்பில் இல்லாதது பாலிலும் இல்லை. முதலில் குரல் போகும், பிறகு இதயம் என்று டொ. சொல்லித் தந்திருந்தா.

டொ.வுக்கு போன் எடுத்தேன். "உடனே வார்ட்டுக்கு அனுப்புங்க" என்றா. சிவமலர் மாட்டேன் என்கிறாள்.

"நல்லாயிரிக்கிற புள்ளைய என்னத்துக்கு மிஸ் ஆஸ்பத்திரிக்கு?"

புருசன் எங்கே என்று கேட்டேன்.

"மாட்டப் பார்த்துட்டு வாறனெண்டு ஊருக்குப் போன. வரல்ல."

எப்போது என்று நான் கேட்கவில்லை. செருப்பு வார் அறுந்துவிட்டது. சேலை ஊசி குத்தி நடந்து வீட்டுக்கு வந்தேன்.

மே 11, வெள்ளி

பிள்ளை பால் குடிக்கவில்லை. மூச்சு வேகம். புறங்கால் பொம்மென்று இருக்கிறது. சிவமலருக்குப் பக்கத்தில் இருந்து சொன்னேன்.

"அவன் அழாம இல்ல புள்ள. அழுதுகொண்டுதான் இரிக்கான். சத்தம்தான் வருகுதில்ல."

அவள் பிள்ளையின் வாயையே பார்த்தாள். பிறகு துவாயை எடுத்து அவனைச் சுற்றினாள்.

ஓட்டோ. இரண்டு ஆமிச் சென்றியில் மறித்தார்கள். ஒன்றில் துவாயை விரித்துக் காட்டச் சொன்னார்கள்.

வார்ட்டில் டொ. பி1 ஊசி ஏற்றினா. "சாராயம் குடிச்சுக் குடிச்சு விழுந்து வாற ஆக்களுக்குக் குடுக்கிற மருந்து, மிஸ். பெரியாக்கள்ட வார்ட்டில இருந்து எடுப்பிச்சன். இதயம் பெருத்திட்டு. இண்டைக்குத் தாண்டினாத்தான் சொல்லலாம்."

எனக்கு ஏறாவூரில் காசு சேர்க்கிற கூட்டம். ஜும்மாவுக்குப் பிறகு வியாபாரிகள் கூடுகிறார்கள், விட்டால் அடுத்த கிழமைதான். போனேன். போட்டைத் தூக்கிக் காட்டி, வானொலியில் காலநிலை வாசிக்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன்.

அரிசி மில் வைத்திருக்கும் ஹாஜியார் சொன்னார்: "பால்மா எண்டா இப்பவே லொறியில ஏத்துவம் டீச்சர். ரத்தத்தச் சோதிக்க ஆரு காசு தருவான்?"

பால்மா முடிந்துவிடும் என்றேன். சோதனை முடிவு கையில் இருந்தால் எல்லா முகாமுக்கும் மாத்திரை கேட்கலாம் என்றேன். தலையாட்டினார்கள். ஒருவரும் காசுப் பையைத் தொடவில்லை.

பின்வரிசையில் ஒருவர்: "நீங்க சொன்ன அந்தப் புள்ள இப்ப எப்படி?"

"தெரியாது. விட்டுட்டு வந்திரிக்கன்."

 ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெள்ளையா இருந்தாத்தான் சனம் வாங்குது. நானும் அப்படித்தான் தீட்டுற" என்றார். பிறகு, "கொழும்புக்கு ரத்தம் கொண்டுபோக ஐஸ் பெட்டியும் வேனும் என்ட பொறுப்பு. சோதினைக் காசுக்கு நாங்க பள்ளிவாசல்ல சொல்லுறம்."

நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. சந்தோசப்பட வேண்டிய இடம். வரவில்லை.

மே 12, சனி

பிள்ளை இருக்கிறான். மூச்சு தணிந்திருக்கிறது. குரல் இல்லை.

சிவமலருக்கு மாத்திரை, சிவப்பரிசிச் சோறு, பருப்பு. பருப்பைத் தின்னும்போது அழுதாள், பிள்ளைக்கு வாய்வு வந்துவிடும் என்று. தின்னு, தின்னு என்று பக்கத்தில் இருந்தேன்.

சவர்க்காரம் இன்றைக்கும் மறந்துவிட்டது.

மே 14, திங்கள்

முகாமில் இரத்தம் எடுத்தார்கள். பெண்கள் கையை நீட்டவில்லை.

"பேரும் எழுதி ரத்தமும் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புறீங்க. மறுகா ஆமி எங்களைத் தேடி வந்தா?"

 கதிரையை இழுத்துப் போட்டு முதலில் நான் கையை நீட்டினேன். பிறகு ஒருத்தி, பிறகு மற்றவர்கள். ஹாஜியாரின் வேன் மத்தியானம் போய்விட்டது. முடிவு வரக் கிழமைக் கணக்காகும்.

பின்னேரம் வார்ட். பிள்ளை நன்றாகப் பால் குடித்துவிட்டு நித்திரை. நேர்ஸ் ஊசியோடு வந்தா. குத்தினதும் அவன் கத்தினான். முதலில் கரகரத்தது, பிறகு முழுச் சத்தம். வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நேர்ஸ் சிரித்தா.

சிவமலர் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். கண் ஜன்னலில்.

"வெளிய கேக்கும் மிஸ்."

கையை எடு என்றேன். எடுக்கவில்லை. விரல் விரலாக நான்தான் பிரித்தேன். குளிர்ந்துபோன விரல்கள். அவன் இன்னும் பலமாகக் கத்தினான். எனக்குப் பயம் வந்தது, இவ்வளவு காலத்துக்குப் பிறகு. நானும் ஜன்னலைப் பார்த்தேன்.